பெயர்ப்பலகை மாதிரிப்படத்தில் எழுத்துகள் ஸ்டிக்கர் ஒட்டியதுபோலத் தெரிகின்றன, எங்கே தவறுகிறேன்?

நெல்லைப்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் பெயர்ப்பலகை செய்யும் பணிமனை ஒன்றில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். ஃப்ளெக்ஸ் பலகை மட்டும் செய்துகொண்டிருந்த காலத்தில் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் தட்டையாக ஒரு படம் காட்டினாலே வாடிக்கையாளர் சரி என்றுவிடுவார்; அச்சாகி வருவதும் அதே தட்டைப் படம்தான் என்பதால் சிக்கல் எழவில்லை. இப்போது வருகிறவர்களில் பலர் ஏ.சி.பி. (அலுமினியக் கலவைத் தகடு) பின்னணியில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) எழுத்தோ அக்ரிலிக் எழுத்தோ கேட்கிறார்கள். கூடவே, தங்கள் கடை முகப்பில் அது மாட்டப்பட்ட பிறகு எப்படித் தோன்றும் என்பதை முன்கூட்டியே படத்தில் பார்க்கவும் விரும்புகிறார்கள்.

இப்போது கையில் இருப்பது ஒரு பாத்திரக்கடையின் பலகை. வாசல் கிழக்கு நோக்கியது. பலகை 12 அடி அகலம், 3 அடி உயரம். எழுத்துகள் 18 அங்குல உயரத்தில், தங்க நிற டைட்டானியம் பூச்சுள்ள கண்ணாடிப் பளபளப்பு எஸ்.எஸ். தகட்டில், 2 அங்குலக் கனத்தோடு, பின்பலகையிலிருந்து ஓர் அங்குலம் விலகி நிற்க வேண்டும், பின்புறம் எல்.இ.டி. வெளிச்சம். கடையை எதிர்ச்சாரியிலிருந்து கைப்பேசியில் படமெடுத்து, போட்டோஷாப்பில் எழுத்துகளை வைத்து, பெவல் அண்ட் எம்பாஸ் (விளிம்பைப் புடைப்பாகக் காட்டுவது), டிராப் ஷேடோ (பின்னால் நிழல் விழச் செய்வது), தங்க நிற கிரேடியண்ட் (படிப்படியாக மாறும் நிறம்) ஆகிய மூன்றையும் போட்டுக் காட்டினேன். கடைக்காரர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, எழுத்துகள் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல இருக்கின்றன என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எதை மாற்றினால் சரியாகும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. நிழலைக் கூட்டினால் எழுத்து காற்றில் மிதக்கிறது, குறைத்தால் மீண்டும் ஸ்டிக்கராகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் வேறொரு கடைக்கு இரவுத் தோற்றம் என்று ஒரு படம் செய்தேன். எழுத்தைச் சுற்றி அகலமான மஞ்சள் ஒளி பரவியிருப்பதுபோல அவுட்டர் குளோ போட்டிருந்தேன். பலகை மாட்டிய பிறகு அப்படி ஒளி பரவவில்லை. மாறாக, பளபளப்பான கறுப்பு ஏ.சி.பி.யில் எல்.இ.டி. புள்ளிகள் வரிசையாகப் பிரதிபலித்தன. படத்தில் இருப்பதைப் போலச் செய்துதரும் வரை மீதித் தொகை கிடையாது என்று வாடிக்கையாளர் நிறுத்திவைத்துவிட்டார். ஆகவே அழகாகத் தெரிவது மட்டும் எனக்குப் போதாது. மாட்டிய பின் உண்மையில் எப்படி இருக்குமோ அப்படித் தெரிய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


உளியும்_ரவுட்டரும் எழுதியது:

தம்பி, நான் தகரப் பலகையில் எனாமல் பெயிண்டால் எழுதித் தொழிலைத் தொடங்கியவன். அந்த நாளில் எழுத்துக்குக் கனம் காட்ட, ஒவ்வோர் எழுத்தின் வலப்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை இழுப்போம். பலகை முழுவதுமே வரைந்தது என்பதால் கண் அதை ஏற்றுக்கொண்டது. நீங்கள் செய்வது வேறு. உங்கள் எழுத்தைச் சுற்றியிருக்கும் ஷட்டர், மின்கம்பம், ஜன்னல் விளிம்பு எல்லாம் உண்மையான வெயிலில் உண்மையான நிழலோடு நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே மென்பொருள் தானாகத் தரும் நிழல் ஒன்று வந்தால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும்.

எனவே கணினியைத் தொடுவதற்கு முன் கடைக்குத் திரும்பிப் போங்கள். போகும்போது ஒரு மரக்கட்டையைக் கொண்டுபோங்கள்; 75 மி.மீ. கனம் இருக்கட்டும். இரண்டு அங்குல எழுத்துக்கு 50, விலகி நிற்கும் ஓர் அங்குலத்துக்கு 25, ஆகமொத்தம் 75. பலகை வரப்போகும் இடத்தில் அதை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிட்டுப் படமெடுங்கள். அந்த நேரத்து வெயிலில் 75 மி.மீ. துருத்திய ஒரு பொருளின் நிழல் எவ்வளவு கீழே இறங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு கறுப்பாக இருக்கிறது, விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்தக் கட்டையே பதில் சொல்லிவிடும். பக்கத்தில் உங்கள் பணிமனையில் மிஞ்சிய தங்க நிற எஸ்.எஸ். தகட்டுத் துண்டு ஒன்றையும் ஒட்டுங்கள். அந்த உயரத்தில் அந்தத் தகடு எதைப் பிரதிபலிக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியிருக்காது. ஓர் அளவுநாடாவையும் நீட்டிப் பிடித்துப் படத்துக்குள் வரும்படி செய்யுங்கள். ஏணி ஏறுவது பத்து நிமிட வேலை. அது மிச்சப்படுத்துவது இரண்டு நாள் வேலையை.

கிழக்கு நோக்கிய கடை என்பதால் படமெடுக்கும் நேரம் மிக முக்கியம். மார்ச் மாதக் கடைசியில் உங்கள் ஊரில் காலை ஒன்பதரை மணி அளவில் சூரியன் ஏறத்தாழ 45 பாகை உயரத்தில், சுவருக்குக் கிட்டத்தட்ட நேர் எதிரில் இருக்கும். அப்போது 75 மி.மீ. துருத்தலுக்கு நிழலும் ஏறக்குறைய அதே அளவுதான் கீழே இறங்கும். பதினொரு மணிக்குச் சூரியன் மேலே ஏறிவிடுவதால் அதே எழுத்தின் நிழல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு, அதாவது 19 செ.மீ. வரை இறங்கி, கீழ் வரியில் சிறிய எழுத்து இருந்தால் அதன் மேல் படுத்துவிடும். உச்சிப்பொழுது கடந்தால் கிழக்குச் சுவரில் நேர்வெயிலே கிடையாது. அப்போது எடுத்த படத்தில் நீங்கள் வெட்டென்று ஒரு நிழல் போட்டால் அது பொய். உங்கள் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று நீங்கள் எழுதவேயில்லை. சிக்கலின் பாதி அதிலேயே இருக்கக்கூடும்.

எல்.இ.டி. புள்ளிகள் தெரிந்த கதைக்கு வருகிறேன். அதில் உங்கள் படத்தின் பிழையோடு பலகையின் பிழையும் கலந்திருக்கிறது. பின்வெளிச்சம் பரவ வேண்டுமானால் பின்பலகை மங்கலான பரப்பாக இருக்க வேண்டும். பளபளப்பான ஏ.சி.பி. கண்ணாடி மாதிரி, அது வெளிச்சத்தைப் பரப்பாது, விளக்கைத்தான் காட்டும். கறுப்பு நிறமும் சேர்ந்துகொண்டால் பரவுவதற்கு மிஞ்சுகிற ஒளியும் விழுங்கப்படும். பாத்திரக்கடைக்கு மேட் பூச்சுள்ள, சற்று வெளிர்ந்த நிறத் தகட்டைப் பரிந்துரையுங்கள். கறுப்புத்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், ஒளி மெலிதாகத்தான் பரவும் என்பதைப் படத்திலேயே மெலிதாகக் காட்டிவிடுங்கள்.


பிக்சல்தறி எழுதியது:

ஐயா சொன்ன மரக்கட்டை யோசனைக்கு மேல் சிறந்த தொடக்கம் கிடையாது. விளம்பரப் படங்களைத் திருத்தும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்தப் புகைப்படத்தை எடுத்துவந்த பிறகு போட்டோஷாப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதை விரித்துச் சொல்கிறேன். எண்கள் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவுகோல். கைப்பேசியின் அகலக்கோண லென்ஸால் வரும் வளைவையும் சரிவையும் லென்ஸ் கரெக்‌ஷனில் நேராக்கிவிட்டு, பலகை இடம்பெறும் பகுதி எத்தனை பிக்சல் அகலம் என்று பாருங்கள். 12 அடி என்பது 3,660 மி.மீ.; அது உங்கள் படத்தில் 1,800 பிக்சல் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மி.மீ.க்கு ஏறத்தாழ அரை பிக்சல். இனிமேல் ஒவ்வொரு முடிவையும் இந்தக் கணக்கில்தான் எடுக்க வேண்டும். 50 மி.மீ. எழுத்துக்கனம் 25 பிக்சல், 75 மி.மீ. துருத்தல் 37 பிக்சல். கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக டிராப் ஷேடோவின் தூரத்தை நகர்த்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது எழுத்தின் பக்கவாட்டுக் கனம். பெவல் அண்ட் எம்பாஸ் இதற்கு உதவாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அது எழுத்தின் விளிம்பைச் செதுக்கிச் சரித்தது போன்ற தோற்றத்தைத் தருகிறது, உங்கள் எழுத்தோ தட்டையான முகமும் செங்குத்தான பக்கச்சுவரும் கொண்ட ஒரு பெட்டி. விளிம்பில் ஒளி படும் மெல்லிய கோட்டுக்காக ஓரிரு பிக்சல் அளவில் பயன்படுத்தலாம், அதற்கு மேல் வேண்டாம். பக்கச்சுவர்கள் எந்தப் பக்கம் தெரியும் என்பதை முடிவு செய்வது நீங்கள் அல்ல, படமெடுத்த கண்ணின் இடம். பலகை தலைக்கு மேலே இருப்பதால் எழுத்தின் அடிப்பக்கம்தான் தெரியும், மேற்பக்கம் தெரியவே தெரியாது. நடுவிலிருந்து பார்த்தால், இடக்கோடியில் உள்ள எழுத்தின் வலப்பக்கச் சுவரும் வலக்கோடியில் உள்ள எழுத்தின் இடப்பக்கச் சுவரும் தெரியும். நடு எழுத்துக்கு இரண்டும் தெரியாது. எல்லா எழுத்துக்கும் ஒரே திசையில் கனம் கொடுப்பதுதான் நான் பார்க்கும் மாதிரிப்படங்களில் அடிக்கடி வரும் பிழை.

இதைச் சரியாகச் செய்ய ஒரு குறுக்குவழி உண்டு. சுவருக்கு நேர் எதிரே நின்று எடுத்த படமானால், சுவருக்குச் செங்குத்தான கோடுகள் யாவும் உங்கள் கண்மட்டத்தில் ஒரே புள்ளியில் கூடும். படத்தில் வாசற்படியின் பக்கவிளிம்பு, தளத்தின் டைல்ஸ் கோடு ஆகியவற்றை நீட்டினால் அந்தப் புள்ளி கிடைத்துவிடும். எழுத்து லேயரை (படத்தின் மேல் தனியாக நிற்கும் அடுக்கை) பிரதியெடுத்து ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் (அளவை மாற்றும் வசதியில்) திறந்து, அதன் நடுக்குறியை அந்தப் புள்ளிக்கு இழுத்து வையுங்கள். புதிய பதிப்புகளில் இக்குறி இயல்பாக மறைந்திருக்கும், மேற்பட்டையில் அதற்கான சிறு பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் வரும். இப்போது அளவைச் சுருக்குங்கள். எவ்வளவு? கேமரா 20 அடி தூரத்தில், அதாவது 6,100 மி.மீ. தொலைவில் இருந்து, எழுத்தின் கனம் 50 மி.மீ. என்றால், பின்முகம் முன்முகத்தில் 6,100க்கு 6,150 என்ற விகிதம்தான், அது 99.2 விழுக்காடு. ஒரே தடவையில் 99.2 என்று சுருக்குவதற்குப் பதிலாக 99.9 என்று கொடுத்துவிட்டு, கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் அழுத்தியபடி டி எழுத்தை ஏழு முறை தட்டினால், எட்டுப் பிரதிகள் ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கி நிற்கும். அவற்றை முன்முகத்துக்குக் கீழே ஒன்றாக இணைத்துவிட்டால் பக்கச்சுவர் தயார்.

செய்து பார்த்தால் உங்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. நடுவிலிருந்து 900 பிக்சல் தள்ளியிருக்கும் கோடி எழுத்துக்குக்கூடப் பக்கச்சுவர் ஏழு பிக்சல்தான் தெரியும். எழுத்து 50 மி.மீ. கனம் என்பதால் 25 பிக்சல் தெரிய வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள்; தெருவில் நின்று நேராகப் பார்ப்பவருக்கு அவ்வளவு தெரியாது. கனத்தை உணர்த்துவது பக்கச்சுவரைவிட நிழல்தான் என்பது அப்போது விளங்கும்.

நிழலில் மூன்று செய்திகள். ஒன்று, தடித்த எழுத்தின் நிழல் என்பது எழுத்தின் ஒரு நகல் கீழே தள்ளி விழுவதல்ல. 25 மி.மீ. விலகி நிற்கும் பின்முகத்திலிருந்து 75 மி.மீ. துருத்தும் முன்முகம் வரை உள்ள முழு உடம்பும் நிழல் தருகிறது. ஒன்பதரை மணி வெயிலில் அது 12 பிக்சலில் தொடங்கி 37 பிக்சல் வரை இழுபட்ட ஒரு பட்டை. சூரியன் சற்றே தெற்கில் இருப்பதால், கடையைப் பார்த்து நிற்பவருக்கு நிழல் வலப்பக்கமாக நாலைந்து பிக்சல் சாய்ந்திருக்கும். டிராப் ஷேடோ ஒரு நகலை மட்டுமே தரும். மெல்லிய கோடுகள் கொண்ட எழுத்துகளில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். எழுத்து லேயரைக் கறுப்பாக்கி, ஒவ்வொரு பிக்சலாக நகர்த்திப் பிரதியெடுத்து, எல்லாவற்றையும் இணைத்து ஒரே நிழல் லேயராக்குங்கள்.

இரண்டு, நிழலின் கூர்மை. நீங்கள் 20 பிக்சல் மங்கல் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எல்லாரும் கொடுக்கிறோம். சூரியன் வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலம்தான். ஆகவே நிழலின் விளிம்பு மங்கும் அளவு, நிழல் தரும் பொருளுக்கும் சுவருக்கும் இடையே ஒளி கடக்கும் தூரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். 75 மி.மீ. துருத்தலுக்கு அது ஒன்றிரண்டு மி.மீ., அதாவது உங்கள் படத்தில் ஒரு பிக்சலுக்கும் குறைவு. நேர்வெயிலில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல இருக்க வேண்டும். மேகமூட்டத்திலோ, நிழல் என்ற ஒன்றே இல்லாமல், எழுத்துக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில் மட்டும் ஒரு மென்மையான இருட்டு தேங்கியிருக்கும். காற்றில் மிதப்பதாக நீங்கள் எழுதியது, வெயில் படத்தில் மேகமூட்ட நிழலைப் போட்டதன் விளைவு.

மூன்று, நிழலின் நிறம். அது கறுப்பு அல்ல. வெயில் மறைந்த இடத்துக்கு வானத்தின் வெளிச்சம் போகிறது, அதனால் நிழல் நீலம் கலந்தது. மரக்கட்டைப் படத்தில் வெயில் பட்ட சுவரை ஐட்ராப்பரால் (நிறத்தின் எண்களைக் காட்டும் கருவியால்) தொட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கட்டையின் நிழலைத் தொடுங்கள். எடுத்துக்காட்டாக, வெயிலில் சிவப்பு 210, பச்சை 205, நீலம் 195 என்றும், நிழலில் 95, 100, 108 என்றும் வந்தால், ஒவ்வொரு நிழல் எண்ணையும் அதற்குரிய வெயில் எண்ணால் வகுத்து 255ஆல் பெருக்குங்கள். 115, 124, 141 கிடைக்கும். நிழல் லேயருக்கு இந்த நிறத்தைப் பூசி மல்டிப்ளையில் (கீழுள்ள நிறத்தோடு பெருக்கி இருட்டாக்கும் முறையில்) முழு அடர்த்தியோடு வைத்தால் போதும். உங்கள் ஏ.சி.பி. என்ன நிறமாக இருந்தாலும், பரப்பு மேட்டாக இருக்கும் வரை இந்த விகிதம் பொருந்தும், ஏனெனில் நீங்கள் அளந்தது சுவரின் நிறத்தை அல்ல, வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்பதை.

தங்கத்துக்கு வருவோம். மஞ்சளும் பழுப்பும் மாறிமாறி வரும் கிரேடியண்ட் எந்த ஊர்க் கடைக்கும் பொருந்தும், அதனால்தான் எந்தக் கடைக்கும் பொருந்தாது. கண்ணாடிப் பளபளப்புத் தகட்டுக்குச் சொந்த நிறம் மிகக் குறைவு. எதிரே இருப்பதைத் தன் சாயத்தோடு திருப்பிக் காட்டுவதே அதன் இயல்பு. நிமிர்ந்து பார்க்கும் கோணத்தில் உங்கள் பலகை எதிர்ச்சாரிக் கட்டடத்தின் மேல்மாடியையும் அதற்கு மேலுள்ள வானத்தையும் காட்டும், சாலையைக் காட்டாது. படமெடுத்த அதே இடத்தில் அப்படியே திரும்பி நின்று எதிர்ப்புறத்தை ஒரு படமெடுங்கள். அதை இடம்வலமாகத் திருப்பி, எழுத்து லேயருக்குள் மட்டும் தெரியும்படி கிளிப்பிங் மாஸ்க்காக வைத்து, மேலே தங்க நிறத்தை மல்டிப்ளையில் போடுங்கள். மெல்லிய தகடு பற்றவைக்கும்போது சற்று நெளிவதால், ஒவ்வோர் எழுத்திலும் பிரதிபலிப்பைச் சில பிக்சல் இடம் மாற்றியும் லேசாக வளைத்தும் வைத்தால், எல்லா எழுத்தும் ஒரே கண்ணாடித் துண்டில் வெட்டியதுபோல இருக்கும் செயற்கைத்தன்மை போய்விடும். எழுத்தின் அடிப்பக்கச் சுவர், தனக்குச் சற்றுக் கீழே நிழல் விழுந்த பின்பலகையைக் காட்டும். அது இருண்டே இருக்கட்டும்.

இரவுத் தோற்றத்துக்குப் பகல் படத்தை இருட்டாக்க வேண்டாம். அதே இடத்தில் கைப்பேசியை ஊன்றி, சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து, வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போது இன்னொரு படம் எடுங்கள். பின்வெளிச்சத்துக்கு அவுட்டர் குளோவைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், அது சுவரின் மேல் நிறத்தைப் பூசுகிறது. ஒளி பூச்சு அல்ல. சுவரில் ஏற்கெனவே இருப்பதைப் பிரகாசமாக்குவது. ஆகவே எழுத்துக்குக் கீழே, பலகைக்கு மேலே, ஒரு கர்வ்ஸ் லேயரை (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் அடுக்கை) வைத்து நன்றாக ஏற்றிவிட்டு, அதன் மாஸ்க்கில் (அது எந்த இடத்தில் வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கும் மறைப்பில்) எழுத்தின் வடிவத்தை வெள்ளையில் நிரப்பி மங்கலாக்குங்கள். இப்படி மூன்று லேயர்: ஒன்று 8 பிக்சல் மங்கலோடு வலுவாக, அடுத்தது 25 பிக்சலோடு நடுத்தரமாக, கடைசி 80 பிக்சலோடு கண்டும் காணாமல். ஒரே மங்கலில் வரும் ஒளிவட்டம் சோப்பு நுரை போல இருக்கும். மூன்றும் சேரும்போதுதான் விளிம்பில் கெட்டியாகத் தொடங்கி வேகமாகத் தேயும் உண்மையான ஒளி வரும். ஓர் அங்குல இடைவெளிக்கு மிகப் பிரகாசமான பகுதி 12, 15 பிக்சலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் கறுப்புப் பலகையில் ஒளி தானாகவே மெலிந்து தெரியும். உங்கள் போன மாதப் படம் செய்யத் தவறியது அதைத்தான். எழுத்தின் முகம் இரவில் இருண்டுதான் இருக்கும் என்பதையும் கடைக்காரரிடம் முன்பே காட்டிவிடுங்கள். தங்கம் தங்கமாகத் தெரிய வேண்டுமானால் மேலிருந்து ஒரு விளக்கு தனியாக வேண்டும்.

கடைசியாக, எழுத்து லேயர்களை அரை பிக்சல் மங்கலாக்கி, புகைப்படத்தில் இருக்கும் அளவுக்குக் குருணையை (பொடிப்பொடியான சொரசொரப்பை) சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசிப் படத்துக்கு நடுவே கணினியின் கூர்மை துருத்திக்கொண்டு நிற்கும்.


முப்பரிமாணி எழுதியது:

இவ்வளவு கணக்கையும் கையால் போடுவதற்குப் பதிலாக பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைப் பயன்படுத்தலாமே என்பது என் கருத்து. எழுத்தை வளைகோடுகளாக மாற்றி எஸ்.வி.ஜி. கோப்பாகக் கொண்டுசென்றால், 50 மி.மீ. கனம் என்று எண்ணைக் கொடுத்தவுடன் பக்கச்சுவர் வந்துவிடுகிறது. எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருளில் புகைப்படத்தின் கோடுகளைக் காட்டினால் கேமராவின் இடமும் கோணமும் கிடைக்கின்றன. சூரியனைத் திசை கொடுத்து வைத்தால் நிழல் தானாக விழுகிறது. நிழலை மட்டும் ஏந்தும் பரப்பாகச் சுவரை அமைத்து, வெளிவரும் படத்தைப் போட்டோஷாப்பில் புகைப்படத்தின் மேல் வைத்தால் முடிந்தது. போட்டோஷாப்பிலேயே முப்பரிமாண வசதி இருந்த காலத்தில் நானும் அதில்தான் செய்தேன். அதைக் கைவிடப்போவதாக அடோபி 2021இல் சொன்னபோது பிளெண்டருக்கு மாறியவன் திரும்பி வரவில்லை. முதல் பலகைக்கு ஒரு வாரம் ஆகும். பத்தாவது பலகைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.


உளியும்_ரவுட்டரும் எழுதியது:

பிளெண்டர் நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தம்பியிடம் ஒரு வாரம் இல்லை, கடைக்காரர் காத்திருக்கிறார். மேலும் சூரியனின் திசையையும் நிழலின் அடர்த்தியையும் பிளெண்டருக்கும் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கும் அந்த மரக்கட்டைதான் தேவைப்படும்.

எழுத்துரு பற்றி யாரும் பேசவில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடு தமிழைப் போட்டோஷாப்பில் நேரடியாகத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடப்பது, எழுத்து அமைப்பில் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்காததால்தான். அதைவிட, கோரல் டிராவில் எழுத்தைச் சீர்செய்து வளைகோடாக்கி, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக (மூல வடிவம் கெடாமல் உள்ளே நிற்கும் லேயராக) கொண்டுவருவது நல்லது. ரவுட்டருக்கு (எழுத்தை வெட்டும் இயந்திரத்துக்கு) போகும் கோப்பும் மாதிரிப்படத்தில் இருக்கும் கோப்பும் ஒன்றாகவே இருக்கும், பிற்பாடு எழுத்து மாறிவிட்டது என்ற பேச்சுக்கு இடம் இருக்காது.

வெட்டி நிறுத்தப்போகும் எழுத்தில், மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். கடையின் பெயர் "பாத்திரங்கள்" என்று முடிந்தால் அதில் இரண்டு மெய் இருக்கின்றன என்று நினைக்காதீர்கள், எண்ணிப் பாருங்கள். த், ங், ள் மூன்றும் புள்ளி வைத்தவை. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித் தாங்குகம்பி, தனி ஒயர், உள்ளே ஒரு எல்.இ.டி. மாடியூல் (சிறு விளக்குத் தொகுதி) உட்காரும் அளவு வேண்டும். அச்சுக்கான எழுத்துருவில் உள்ள சின்னஞ்சிறு புள்ளியை அப்படியே படத்தில் வைத்து, அதைச் சுற்றி ஒளியும் காட்டிவிட்டால், செய்யும்போது அந்தப் புள்ளி மட்டும் இருட்டாக நிற்கும். புள்ளியைப் பெரிதாக்க வேண்டுமானால் படம் செய்யும் கட்டத்திலேயே பெரிதாக்கிவிடுங்கள்.

பலகையில் ஆங்கிலமும் வருமானால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் சொல்லப்பட்டிருக்கிறது. 18 அங்குலத் தமிழுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் ஆங்கிலத்தை வைத்து மாதிரி காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டுப் பிறகு மாற்றச் சொல்வது யாருக்கும் இனிப்பாக இருக்காது.


நெல்லைப்பலகை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுக் காலை ஒன்பதரை மணிக்கு மரக்கட்டையோடும் தகட்டுத் துண்டோடும் ஏணி ஏறினேன். கடைக்காரர் கீழே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, பிறகு தாமே ஏணியைப் பிடித்துக்கொண்டார். என் பழைய படம் நண்பகல் கடந்து ஒன்றரை மணிக்கு எடுத்தது என்பதைக் கைப்பேசியில் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். சுவரில் நேர்வெயிலே இல்லாத அந்தப் படத்தில்தான் இடப்பக்கத்திலிருந்து சூரியன் அடிப்பதாக நான் நிழல் போட்டிருக்கிறேன்.

புதிய படத்தில் கட்டையின் நிழல் 36 பிக்சல் இறங்கியிருந்தது, வலப்பக்கம் ஐந்து பிக்சல் சாய்வு. கணக்கும் கட்டையும் இவ்வளவு நெருங்கி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நிழலின் நிறம் நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டைவிடச் சற்று வெதுவெதுப்பாக வந்தது. எதிர்ச்சாரியில் ஒரு காவி நிறக் கட்டடம் வெயிலைத் திருப்பி அடிப்பதே காரணம் என்று நினைக்கிறேன். தங்கத் தகட்டின் துண்டில் அந்தக் கட்டடத்தின் மாடிக் கைப்பிடிச்சுவரும் அதற்கு மேல் வானமும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் பிரதிபலிப்பை எழுத்துகளில் வைத்ததும், நிழலையே இன்னும் போடாத நிலையிலும், என் பணிமனையில் இருந்தவர்கள் பலகை எப்போது மாட்டினோம் என்று கேட்டார்கள்.

கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு எழுத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை; வாசலுக்கு மேலே தொங்கும் கேபிள் ஒயரை எப்போது அகற்றுவார்கள் என்றுதான் கேட்டார். பின்பலகைக்கு மேட் பூச்சுள்ள சாம்பல் நிற ஏ.சி.பி. என்று முடிவாகியிருக்கிறது. புள்ளிகளைப் பெரிதாக்கிவிட்டேன்.

ஒரே ஓர் ஐயம் மிஞ்சியிருக்கிறது. எல்.இ.டி.யை 3,000 கெல்வின் மஞ்சள் கலந்த வெள்ளையாக வைப்பதா, 6,500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளையாக வைப்பதா என்று அவர் இரண்டையும் படத்தில் கேட்கிறார். கர்வ்ஸ் லேயரில் நிறத்தை எப்படிக் கொடுப்பது?


பிக்சல்தறி எழுதியது:

ஊகித்து நிறம் கொடுக்க வேண்டாம். இரண்டு வகை மாடியூலிலும் ஒவ்வொன்றை உங்கள் சாம்பல் நிற ஏ.சி.பி. துண்டின் முன் ஓர் அங்குலத்தில் பிடித்து, அந்தி நேரத்துப் படம் எடுத்த அதே கைப்பேசியில், வெள்ளைச் சமநிலையை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பக் கேமரா நிறத்தைத் திருத்தும் அமைப்பை) தானியங்கியில் விடாமல் அந்தப் படத்தில் இருந்த அதே அளவில் பூட்டிப் படமெடுங்கள். அந்தி வெளிச்சத்துக்குப் பொருத்திய சமநிலையில் 3,000 கெல்வின் நாம் நினைப்பதைவிட ஆரஞ்சாகவே பதிவாகும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒளி பட்ட இடத்தின் மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு, கர்வ்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று கோடுகளையும் தனித்தனியாக அந்த எண்கள் வரும்வரை ஏற்றுங்கள். விளிம்பை ஒட்டிய 8 பிக்சல் லேயரில் மட்டும் மூன்றையும் கிட்டத்தட்ட வெள்ளைக்கு ஏற்றிவிடலாம். கேமராவில் அந்த இடம் எப்படியும் வெளுத்துத்தான் போகும்.

நீங்கள் சுட்டிய காவிக் கட்டடம் சரியான கணிப்பு. கட்டையில் வந்த எண்ணையே பயன்படுத்துங்கள், நான் எழுதியதை அல்ல.